நோட்டில் ஏறாத காலைச் சாப்பாடு

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான அன்று சாயங்காலம், பசுமலையில் எங்கள் தெருமுனைக் கடையில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்: நேரம், காய்ச்சல், சாப்பாடு, வாந்தி, மாத்திரை, தூக்கம். நான் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். முப்பது வருடமாக டைரி எழுதுகிறவன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்படி எழுதிட்டு வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம் சார்" என்றார். அதையும் குறித்து வைத்தேன், தேதியோடு.

இரண்டாம் தடவை மருந்து ஏற்றிய பிறகு உசிலம்பட்டியிலிருந்து அவள் தம்பி வந்தான். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவன். "நீங்க போய்ப் படுங்க மச்சான், அக்காவ நான் பாத்துக்கிறேன்" என்றான். நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். எழுந்து வந்து பார்த்தால் சாப்பாட்டுக் கட்டத்தில் 'கொஞ்சம்' என்று இருந்தது.

"கொஞ்சம்னா எம்புட்டு மாப்ள?"

"கொஞ்சம்னா கொஞ்சந்தான் மச்சான். மாடு திங்கிறத அளந்தா பாக்குறோம்?"

"நான் மாடாடா?" என்றாள் கட்டிலிலிருந்து அவள். ஒரு வாரத்தில் அவள் சிரித்தது அன்றுதான். அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

மறுநாள் காலை அவனைப் பஸ் ஏற்றிவிட்டேன். அடுத்த தடவையும் வாரேன் என்றான். வேண்டாம், நானே போதும் என்றேன்.

மருந்து ஏறி முடியும்வரை நோயாளியோடு ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. ஆள் இல்லையென்றால் மருந்து இல்லை. எங்கள் ஒரே மகள் கைக்குழந்தையோடு வெளியூரில் இருக்கிறாள். ஆக, அந்த ஆள் நான்தான்.

மூன்றாம் தடவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நோட்டில் 11.40 என்று இருக்கிறது. அதற்குப் பிறகு பேனாக்கோடு ஒன்று எல்லாக் கட்டங்களையும் தாண்டிக் கீழே இறங்கி, பக்கத்தின் ஓரத்தில் முடிகிறது.

கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்தேன். என் கையிலும் ஊசி குத்திப் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி தன் பாட்டிலோடு எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டாளாம்.

"சுகர் இறங்கிருச்சு. காலையில என்ன சாப்பிட்டீங்க சார்?" என்று நர்ஸ் கேட்டார்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். "5.50, ஒன்றரை இட்லி."

"அது நான் சாப்பிட்டது" என்றாள் மனைவி.

"நான் உங்களக் கேட்டேன் சார்."

"எழுதல" என்றேன்.

எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டது நிச்சயம். என் டப்பா அவள் டப்பாவை ஒட்டியே இருக்கும். சாப்பிட்டேனா என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

நர்ஸ் மனைவியிடம் சொன்னார்: "அடுத்த தடவை இவர் மட்டும் வந்தா மருந்து ஏத்த மாட்டோம்மா. உங்களப் பாப்போமா, இவரப் பாப்போமா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அவனுக்குப் போன் போடுங்க."

போட்டேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் மாடு கத்தும் சத்தம் கேட்டது.

"வாரேன் மச்சான். நோட்டு எழுதணுமா?"

"நீ வந்தாப் போதும் மாப்ள."

மறுநாள் நோட்டைத் திறந்தால் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. ஸ்கேல் இல்லாமல், மருந்து ஏறிய கையால் இழுத்த கோடு, வளைந்திருந்தது. மேலே 'இவர்' என்று தலைப்பு. அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்: "காலை 7.30. நாலு இட்லி என்றார். மூணுதான்."

அடுப்படிக்குப் போய் மிச்சத்தை எண்ணிக் கழித்துப் பார்த்தேன். நான் சாப்பிட்டது மூன்றுதான்.