கலியாண முருங்கையில் ஒரு குண்டு விமானம்

ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல் பஸ் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தபோது, கியர் பாக்ஸைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் அசையக்கூடாது என்றார் டாக்டர். சும்மா கிடப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் வேறு இல்லை. விட்டத்தைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், வந்தவர் போனவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். "கைக்கு ஒரு வேலையக் குடுத்தாத்தான் இந்த வாய் அடங்கும்" என்று என் மனைவி கன்னிவாடியிலிருந்து கலியாண முருங்கைக் கட்டை ஒன்றை வாங்கி வந்து போட்டாள். சீவினால் வெண்ணெயாக இறங்குகிற மரம்.

செதுக்க எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஜப்பான் சண்டைக் காலத்தில் வங்காளத்தில் வெள்ளைக்காரனின் விமானத் தளம் ஒன்றில் குண்டு ஏற்றும் பிரிவில் இருந்தவன் நான். நாலு எஞ்சின், இரட்டை வால், லிபரேட்டர் என்கிற குண்டு விமானம். நாலடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டதில் இறக்கை இரண்டேகால் அடிக்கு வந்தது. அதன் வயிற்றுக்கடியில் குனிந்து குனிந்தே முதுகு போனவனுக்கு அளவு மறக்குமா? அவளுடைய நூல்கட்டைகள் எஞ்சின்கள் ஆயின. ஆஸ்பத்திரியில் எறிந்த எக்ஸ்ரே பிலிமைக் கழுவி விமானத்தின் மூக்குக்குக் கண்ணாடி வைத்தேன். மரம் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசையை, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு அவள்தான் காய்ச்சித் தருவாள். குண்டு வைக்கிற அறையின் கதவுக்கு வந்தபோது மட்டும் என் கை ஓடவில்லை.

காரணம் உண்டு. அவளுடைய அப்பா ரங்கூன் ரயில்வே யார்டில் குமாஸ்தா. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் மனைவியையும் ஒரே மகளையும் கப்பல் ஏற்றிவிட்டு, "பின்னாடி வாரேன்" என்றவர் வரவேயில்லை. சண்டை முடியப்போகிற சமயத்தில் யார்டில் குண்டு விழுந்து போய்விட்டார் என்று, அங்கிருந்து திரும்பிய கீரனூர்க்காரர் ஒருவர் சொன்னார். எந்த மாதம், எந்த நாள், அவருக்குத் தெரியவில்லை. திதி தெரியாத சாவு. "நாள் தெரிஞ்சா ஒரு வாய்ச் சோறாவது முறையா வைப்பேன்ல" என்று வருஷம் தவறாமல் அழுவாள். ஜப்பான்காரன் போட்ட குண்டு என்றே நம்பியிருந்தாள். அந்தச் சமயம் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் அல்லவா இருந்தது! மேலே போய்க் குண்டு போட்டது எங்கள் விமானங்கள். பெண் பார்க்கப் போன அன்றே எனக்கு இது விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. கோழைப்பயல்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பானர், சுத்தியல், அரிவாள்மணை, தையல் மிஷின் எல்லாவற்றையும் துடைத்து, தன் அப்பா படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் விமானம். விரலில் குங்குமத்தோடு குனிந்தாள்.

"அதுக்கு வைக்காத."

"ஏங்க? மூணு மாசமா கஷ்டப்பட்டுச் செஞ்சதுல்ல?"

"உங்கப்பா மேல குண்டு போட்டது இதுதான் புள்ள. ஏத்திவிட்டது நான்."

சொன்னதால் பாரம் இறங்கியதாக எல்லாம் இல்லை. நாளெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் கிடந்து எழுந்தது போல உடம்பு துவண்டது. திட்டுவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று காத்திருந்தேன். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்ப நாள் தெரியும்ல உங்களுக்கு?"

"பல தடவ போச்சு. எங்க போகுதுன்னு எங்ககிட்டச் சொல்ல மாட்டாக. ரங்கூன் ரயில் யார்டுன்னு என் காதுல விழுந்தது ஒரே தடவதான், சண்டை முடிஞ்ச வருசத்துப் பொங்கலுக்கு மறுநாள். மொத நாள் நாங்க நாலு தமிழாளுக தகர டப்பாவுல பொங்கல் வச்சோம், அதான் ஞாபகம். ஆனா உங்கப்பா போனது அன்னைக்குத்தான்னு நிச்சயமில்ல."

"இம்புட்டு வருசமா இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு, நான் அழுகுறதப் பாத்துக்கிட்டா இருந்தீக?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நிச்சயமில்லாட்டிப் போகுது. அந்த நாளே இருக்கட்டும்" என்றாள்.

பழைய பஞ்சாங்கங்களைச் சேர்த்து வைத்திருந்த ஜோசியர் ஒருவர் திதியைக் குறித்துக் கொடுத்தார். தை மாதத்தில் அந்தத் திதியன்று காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளத்துப் படியில் இறங்கினேன். மாமனாருக்கு மகன் இல்லை. "மருமகன்தானே? கையை நீட்டுங்கோ" என்றார் ஐயர். எள்ளை என் உள்ளங்கையில் வைத்தார், அவள் தண்ணீர் ஊற்றினாள். விரலை இறுக்கிச் சேர்க்காததில் எள் படியில் சிந்தியது.

"ஒழுங்காப் பிடிங்க" என்றாள்.

பிடித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் பிடிக்கிறேன்.