தோளில் நின்ற குண்டு

எங்கள் இஞ்சிக் கிடங்கு கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டில் இருக்கிறது. அத்தா மௌத்தான பிறகு நானும் என் அக்காவின் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்துகிறோம். மச்சானுக்கு வியாபாரத்தில் பாதி மனசுதான். மீதி மனசு கிழக்கே மலையடிவாரத்தில் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தில் கிடந்தது. இஞ்சியும், கப்பை என்கிற மரவள்ளியும் போட்டிருந்தார். வாரக் கடைசியில் அக்காவையும் அழைத்துக்கொண்டு சுள்ளிக்கல்லில் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போய்விடுவார்.

கப்பை முற்றும் சமயம் காட்டுப்பன்றிகள் இறங்கும். கிழங்கைத் தோண்டித் தின்றதை விட மிதித்து நாசமாக்கியதுதான் அதிகம். அதையெல்லாம் மச்சான் பொறுத்துக்கொண்டார். தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பெண்ணைப் பன்றி கிழித்த அன்றுதான் அவர் மாறினார். நானும் அன்று மூட்டை ஏற்றப் போயிருந்தேன். பட்டப்பகலில் களை பறித்துக்கொண்டிருந்தவள் மேல் கப்பைத் தோட்டத்துக்குள்ளிருந்து பாய்ந்திருக்கிறது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. இரண்டு கையாலும் வயிற்றின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். விரல்களுக்கு இடையில் வெளுப்பாக ஏதோ பிதுங்கிக்கொண்டு வந்தது. "அண்ணே, கைய எடுத்தா விழுந்துரும்ணே" என்றாள்.

அவள் பிழைத்துக்கொண்டாள், ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவளை ஏற்றிப்போன ஜீப் இருக்கையில் ஊறியிருந்த ரத்தத்தை மச்சானே கழுவினார். 

அந்தப் பஞ்சாயத்தில், பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட லைசென்ஸ் துப்பாக்கி உள்ளவர்களுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் போய்ப் பெயர் கொடுத்தார். அவரிடம் இருந்தது பாயிண்ட் டுவெண்ட்டி டூ ரைபிள். சிறிய துப்பாக்கி. குண்டு சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். சட்டம் இறுகாத காலத்தில் அவருடைய அத்தா அதை வைத்து மான் அடித்தவர். அந்தக் கதைகளைக் கேட்டே மச்சான் வளர்ந்திருந்தார்.

எறணாகுளத்துத் துப்பாக்கிக் கடைக்கு மச்சான், அக்கா, நான் மூன்று பேரும் போனோம். கடைக்காரர் இரண்டு வகைத் தோட்டாவை மேசையில் வைத்தார். ஒன்று முனை உருண்ட ஈயம். இன்னொன்றின் முனையில் சிறு குழி. குழி உள்ளது உடம்புக்குள் போனதும் பூ மாதிரி விரிந்து சதையைச் சிதைக்கும், ஆனால் ஆழமாகப் போகாது. உருண்டது விரியாமல் உள்ளே போகும், ஓட்டை சிறிதாக இருக்கும் என்றார். பன்றிக்கு இந்தத் துப்பாக்கியே போதாது, இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள் என்றும் சொன்னார். அது மச்சான் காதில் ஏறவில்லை.

எதை வாங்குவதென்று மச்சானுக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போகாமல் வெறுங்கையோடு திரும்பினோம், கிடங்குக்கு வந்தும் சண்டை ஓயவில்லை. அக்கா இஞ்சி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது இதே அளவுத் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுட்டுப் பழகியவள்.

"உருண்டது வாங்குங்க. பன்னித் தோள்ல கட்டியா ஒரு தோல் இருக்காம். குழி வெச்சது அதுலயே நின்னு போயிரும்" என்றாள்.

"அத்தா குழிக் குண்டுலதான் மான அடிச்சாரு. ஒரே வெடி. நின்ன எடத்துல விழுந்துச்சாம்."

"மானுக்குத் தோல் காயிதம் மாதிரி. இது மானா?"

"நீ அட்டையில ஓட்ட போட்டவ. ஜீவனுள்ளத நீ சுட்டிருக்கியா?"

"நீங்க சுட்டிருக்கீங்களா?"

 மறுநாள் மச்சான் தனியாகப் போய்க் குழிக் குண்டையே வாங்கினார்.

வேட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. இரட்டைக்குழல்காரர்கள் மேட்டில் நின்றார்கள். நாய்களை விட்டுத் தோட்டத்தைக் கலைப்பது, பன்றிகள் மேட்டுப் பக்கம் ஓடும்போது அவர்கள் சுடுவது, இதுதான் ஏற்பாடு. மச்சானைக் கீழே கல்கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அந்த வழியாக ஒன்றும் வராது என்றார்கள். அக்காவும் நானும் அவருக்குப் பின்னால் இருந்த மோட்டார் ஷெட்டில் நின்றோம்.

நாய்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒரு நாயின் குரல் மாறியது. ஒரே இழுப்பாக ஊளை, பிறகு ஒன்றுமில்லை. கப்பைச் செடிகள் மடிந்து மடிந்து எழுந்தன. ஒரு நாய் வெளியே வந்தது. நடந்துதான் வந்தது. அதன் குடல் மண்ணில் இழுபட்டு, ஒரு கப்பைத் தண்டில் சுற்றிக்கொண்டது. நாய் இன்னும் இரண்டடி இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தது.

அதற்குப் பின்னால் பன்றி வந்தது. நான் நினைத்திருந்ததைவிட உயரம். முகமெல்லாம் நாயின் ரத்தம். மச்சான் பதறவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். நிதானமாகக் குறி பார்த்துத் தோளில் சுட்டார். குண்டு பட்ட இடத்தில் தூசி எழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். பன்றி ஒரு முறை உடம்பை உதறிவிட்டு நேராக அவர் மேல் வந்தது.

அவர் மல்லாந்து விழுந்தார். துப்பாக்கி தெறித்துப் போனது. பன்றி தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் வெட்டியது. கோரைப்பல் தொடையில் இறங்கி முழங்கால் வரை திறந்துகொண்டு வந்தது. துணி கிழிவது போலத்தான் சத்தம் கேட்டது. மச்சானின் அலறல் அதற்கு அப்புறம்தான். நான் ஷெட்டிலிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி அதன் முதுகில் ஓங்கி அடித்தேன். மறுபடியும் அடித்தேன். பிடி உடைந்து கையில் வந்தது. பன்றி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் இடுப்பின் மேல் ஏறி நின்று வெட்டிக்கொண்டே இருந்தது.

அக்கா துப்பாக்கியை எடுத்ததை நான் பார்க்கவில்லை. போல்ட்டை இழுத்துத் தள்ளும் ஓசை கேட்டது. அவள் அருகே வந்து, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, குழலைப் பன்றியின் காதுக்குப் பின்னால் ஏறக்குறைய ஒட்டிவைத்துச் சுட்டாள். சின்ன சத்தம், பட்டாசு மாதிரி. பன்றியின் பின்கால்கள் முதலில் மடங்கின. மூக்கிலிருந்து ரத்தம் மச்சானின் நெஞ்சில் கொட்டியது. அக்கா மறுபடியும் போல்ட்டை இழுத்து அதே இடத்தில் இன்னொரு முறை சுட்டாள். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, தன் துப்பட்டாவை உருவி அவர் தொடையின் மேல் பாகத்தில் இறுக்கிக் கட்டினாள். "தூக்குடா" என்று என்னிடம் கத்தினாள். மேட்டிலிருந்தவர்கள் அப்போதுதான் ஓடி வந்தார்கள்.

யாரும் இறைச்சிக்கு எடுக்கக் கூடாது என்பது சட்டம் என்பதால், பன்றியைக் குழி வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்தார்கள். புதைக்கும் முன் மச்சானின் குண்டு எங்கே போனது என்று ஒருவர் கத்தியால் கீறிப் பார்த்தாராம். தோளின் கெட்டித் தோலுக்குள்ளேயே காளான் மாதிரி நசுங்கி நின்றிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் அதே உடுப்போடு உட்கார்ந்திருந்தோம். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், பன்றி ரத்தத்தோடு இப்படி இருக்கக் கூடாது, முதலில் போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்றார். அக்கா கைகளை அவர் முன் நீட்டினாள்.

"இதுல பன்னி ரத்தம் எது, அவரு ரத்தம் எதுன்னு நீங்க பிரிச்சுத் தாங்க. களுவிட்டு வர்றேன்."

சொந்தக்காரர் எழுந்து போய்விட்டார்.

விசாரணைக்கு வனத்துறை அதிகாரி வந்தபோது மச்சானுக்குப் பேசத் தெம்பு வந்திருந்தது. "ரண்டாமத்தெ வெடி ஆரு வெச்சது?" என்று, இரண்டாவதாகச் சுட்டது யார் என அதிகாரி மலையாளத்தில் கேட்டார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, "ஞான் தன்னே" என்றார். எல்லா வெடியும் தானே வைத்தது என்றார். லைசென்ஸ் அவர் பெயரில்தான். அக்கா தொட்டதே குற்றம். அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அது மட்டும்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

அக்கா கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். "இல்ல சாரே, அது ஞானா" என்றாள். "இவரு அப்ப அதுக்கு அடியில கெடந்தாரு. அடியில கெடக்குற ஆளு எப்டி சார் காதுக்குப் பின்னால சுடுவாரு?"

 அதிகாரி அவள் சொன்னதையே எழுதிக்கொண்டார். துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. உயிரைக் காக்கச் செய்தது என்று அவளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஊர்ப் பேச்சு அடங்குவதற்குள் அக்கா இளைத்துப் போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மச்சான் அவளிடம் வெகு நாள் சரியாகப் பேசவில்லை. தினமும் அவள்தான் கட்டுப் பிரிப்பாள். காயத்தில் ஒட்டியிருக்கும் துணியை வெந்நீர் விட்டு உரிக்கும்போது அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். ஒரு நாள் நான் இருக்கும்போதே சொன்னார்: "உருண்டதே வாங்கியிருக்கணும். நீ சொன்னதுதான் சரி."

அக்கா சீழைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. காதுகிட்ட வெச்சப்போ குழிக் குண்டா இருக்குதேன்னு ஆசுவாசமா இருந்துச்சு. உருண்டதா இருந்தா மண்டையத் தொளைச்சு உங்க நெஞ்சுல எறங்கிருமோன்னு பயந்திருப்பேன்."

அன்றைக்கு அவர் தலையணையைக் கடிக்கவில்லை. வாய்விட்டே கத்தினார். அவளும் அவர் கத்தி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுத் துடைத்தாள்.

குத்தகையை விட்டுவிட்டோம். மச்சான் இப்போது முழு நேரமும் கிடங்கில்தான். கால் மடங்காது, நாற்காலியில் உட்கார்ந்தால் நீட்டியபடியே வைத்திருப்பார், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் அதைத் தாண்டிப் போவார்கள். போன கப்பைப் பருவத்தில் அந்த ஊர் விவசாயி ஒருவர் போன் செய்தார். மறுபடியும் பன்றி இறங்கியிருக்கிறது, ஷூட்டர் இருந்தால் அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

மச்சான் போனைக் கையில் வைத்தபடி, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவை ஒரு பார்வை பார்த்தார்.

"தோக்கு போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு சேட்டா" என்றார். "ஷூட்டர் இங்கதான் இருக்கா. ஆனா அவ வரமாட்டா."

"யாரு சொன்னது?" என்று அக்கா தலை நிமிராமலே கேட்டாள்.