காசிநாதன் வயலில் நின்ற தண்ணீர்

அரங்கநாதனை எங்கள் ஊரில் அடையாளம் சொல்ல, "பெருமாள் பேர வெச்சிக்கினு ஏசுவக் கும்புடுறாரே, அவரு" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "பேரு அப்பா வெச்சது, சாமி நானாத் தேடிக்கினது" என்பார். ஞாயிறு காலையில் வெள்ளைச் சட்டையோடு, கச்சிராயபாளையத்துச் சபைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்பார். மற்ற நாளெல்லாம் முழங்கால் வரை சேறு.

அவருக்கும் பெரியப்பா மகன் காசிநாதனுக்கும் சேர்த்து ஒரே கிணறு, ஒரே மோட்டார். தாத்தா காலத்து ஏற்பாடு: ஒரு வாரம் இவர் முறை, மறுவாரம் அவர் முறை. தன் வாரத்தில் கரண்ட் இல்லாமல் போனால் அது போனதுதான். அடுத்தவர் முறையில் கை வைக்கக் கூடாது, கேட்கவும் கூடாது. அணைத் தண்ணீர் நின்றுவிட்ட கோடையில் இந்தக் கிணறுதான் இரண்டு வயலுக்கும்.

அரங்கநாதன் சபைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து காசிநாதன் அவரோடு பேசுவதில்லை. காசிநாதன் மகளின் கல்யாணப் பத்திரிகை ஊரெல்லாம் போயிற்று. பக்கத்து வீட்டு அரங்கநாதனுக்கு வரவில்லை. போன கோடையில் மோட்டார் கெட்டு அரங்கநாதனின் வாரம் வீணாகப் போனது. மோட்டார் சரியானதும், கேட்கக் கூடாததைக் கேட்டு, காசிநாதனிடம் தண்ணீருக்குப் போய் நின்றார். காசிநாதன் மோட்டார் கொட்டகையைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க ஏசுவுக்கு போன் போட்டு மழைய வரச் சொல்லேன்." அந்த வருஷம் அரங்கநாதனுக்கு வைக்கோல்தான் மிஞ்சியது.

இந்தக் கோடையில் காசிநாதனின் வாரம் பிறந்த அன்றே டிரான்ஸ்பார்மர் எரிந்தது. அதை மாற்றி முடிக்கும்போது அவர் வாரமும் முடிந்திருந்தது. கதிர் பால் பிடிக்கும் சமயம். இப்போது தண்ணீர் தவறினால் நெல் எல்லாம் பதர். காசிநாதன் வயலில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. அரங்கநாதன் வயலும் வாடித்தான் இருந்தது. கிணற்றில் ஊறுவதோ ஒரு வயலுக்கே இழுபறி.

தன் முறை தொடங்கிய காலையில் அரங்கநாதன் கூழ் குடித்துக்கொண்டே மனைவி மலர்விழியிடம் சொன்னார்.

"மொதல்ல அண்ணன் வயலுக்குத் தண்ணி வுடலாம்னு பாக்கறன்."

"இன்னாங்க, வெயிலு தலைக்கு ஏறிடுச்சா? போன வருஷம் அந்தாளு சொன்னது மறந்து போச்சா?"

"மறக்கல. அதனாலதான்."

"நானும்தான் சபைக்கு வர்றன். பகையாளிக்கும் நல்லது பண்ணுங்கன்னு பாஸ்டர் சொல்றாரு. அவருக்கு வயலா கீது? நமக்குக் கீது."

"பாஸ்டரா சொன்னாரு? ஆண்டவரு சொன்னது. வயலு வெச்சிக்கினு இருந்தவங்ககிட்டதான் சொன்னாரு."

"புள்ளைங்களுக்குச் சோறு?"

"குடுப்பாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "கம்மியா குடுப்பாரு. ஆனா குடுப்பாரு."

மலர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதம் வரவில்லை.

அவர் மோட்டாரைப் போட்டார். தன் மடையை மண் வைத்து அடைத்தார். காசிநாதன் மடையைத் திறந்துவிட்டார். சொல்லிவிட்டுச் செய்தால் காசிநாதன் வாங்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

நான் அடுத்த வரப்பில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகு காசிநாதன் வந்தார். தன் வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் பதறிப்போனார். அடுத்தவர் முறையில் நம் வயல் நனைந்தால் எங்கள் ஊரில் அதற்கு இரண்டே அர்த்தம்: ஒன்று வரப்பில் எலி வளை, இல்லை திருட்டு. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றை வாரி வாரித் தன் மடையைத் தானே அடைத்தார். வெடிப்புகள் இன்னும் குமிழி விட்டுக் குடித்துக்கொண்டிருந்தன.

"டேய் அரங்கநாதா! உன் தண்ணி ஒடச்சிக்கினு இங்க பூந்துடுச்சி! நான் ஒண்ணும் திருடல. அப்பறம் பஞ்சாயத்து கிஞ்சாயத்துன்னு வராத, ஆமா!"

"ஒடைக்கலண்ணே. நான்தான் தொறந்து வுட்டன்."

காசிநாதன் கையிலிருந்து சேறு சொட்டியது.

"எதுக்கு?"

"கதிரு பால் புடிக்குதில்ல."

"என்னைய ஜெபத்துக்கு இழுக்கப் பாக்கறியா?"

"இழுத்தா வந்துடுவியா?"

"வரமாட்டன்."

"அப்ப மண்ண எடு. தண்ணி வீணாப் போவுது."

வைத்த மண்ணை அவரே எடுத்தார். வைத்ததைவிட மெதுவாக.

பாதி வாரம் அந்த வயலுக்கே போனது. மீதி வாரத்தில் அரங்கநாதன் வயலின் பள்ளத்துப் பக்கம் நனைந்தது. மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. காசிநாதனின் முறை வந்தது. முதல் நாள் காலையில் அவர் அரங்கநாதன் வாசலுக்கு வந்து, வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

"இன்னிக்கி மதியத்துக்கு மேல நீ எடுத்துக்க. உன் கடன வெச்சிக்கினு இருக்க என்னால ஆவாது."

மடையைத் திறக்க மலர்விழியின் கை அப்போதே மண்வெட்டியைத் தேடிப் போயிற்று.

"கடன்னா வேணாண்ணே" என்றார் அரங்கநாதன்.

"இன்னாது?"

"நான் கடன் குடுக்கல. இப்ப திருப்பி வாங்கிக்கினா அன்னிக்கி வுட்டது யாவாரமாப் பூடும். சும்மா தர்றதுன்னா தா."

"உனக்கு எதுக்குடா நான் சும்மா தரணும்?"

"அத நீதான் சொல்லணும்."

காசிநாதன் திட்டிக்கொண்டே போனார். தெருமுனை வரை கேட்டது. மலர்விழி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"வர்ற தண்ணிய வாயாலயே தள்ளி வுட்டுட்டீங்களே! மேடு ரெண்டு நாளுகூடத் தாங்காது."

"தாங்கும். தாங்காட்டியும் நான் சொன்னது சரிதான்."

வீம்பு பிடித்த முகமாக அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது இருக்கிற முகம். தாமதமானாலும் வந்துவிடும் என்று தெரிந்தவரின் முகம்.

மறுநாள் காலை மேட்டு மூலை வெளுத்துக் கிடந்தது. அது இனித் தேறாது. மற்றது இன்னும் பச்சை காட்டியது. அவரும் மலர்விழியும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வாய்க்காலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. பின்னாலேயே, மோட்டார் கொட்டகையிலிருந்து காசிநாதனின் குரல்:

"சும்மாதாண்டா வுட்டுருக்கன்! கடனும் இல்ல, மயிரும் இல்ல! மடையத் தொறடா!"

அரங்கநாதன் திரும்புவதற்குள் மலர்விழி மண்வெட்டியோடு மடைக்கு ஓடியிருந்தாள்.