கத்தாமல் பிள்ளை பெறுவது எப்படி

அம்மா என்னைச் சத்தமே போடாமல் பெற்றவள். கல்யாண வீடு, காதுகுத்து, சாவு வீடு என்று எங்கே போனாலும் இதை அவளே சொல்லிவிடுவாள். பந்திங் ஆஸ்பத்திரியில் இருந்த மிஸ்ஸிகள், அதாவது தாதிகள், வாயடைத்துப் போனார்களாம். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு, பிள்ளை உண்டானதும் ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. வலி மரத்துப்போக முதுகில் போடும் ஊசியும் வேண்டாம், வாயில் சத்தமும் வேண்டாம். நான் மட்டும் என்ன சளைத்தவளா?

என் வீட்டுக்காரர் என்னைவிட மும்முரம். பிரிக்பீல்ட்ஸ் பட்டணத்துக்காரர், எதையும் வகுப்புக்குப் போய்ப் படித்தால்தான் அவருக்குத் திருப்தி. ஷா ஆலமில் பிரசவ வகுப்புக்கு என்னை இழுத்துப் போனார். மூச்சுப் பயிற்சி, பெரிய ரப்பர் பந்து, வெந்நீர்ப் பை என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்து பந்தின் மேல் அவரே உட்கார்ந்து ஆடுவார்.

வலி எடுத்த அன்று காலை கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். முதலில் மூச்சுப் பயிற்சி. என்னைவிட வேகமாக மூச்சு விட்டு அவருக்குத் தலை சுற்றியது. மிஸ்ஸி அவருக்குத்தான் முதலில் தண்ணீர் கொடுத்தாள். பந்து பரவாயில்லை, இடுப்பு கொஞ்சம் இளகியது.

அடுத்து வெந்நீர்ப் பை. அங்கேதான் வினை. எங்கள் வீடுகளில் தலைவலிக்கும் தைலம், வயிற்றுவலிக்கும் தைலம், பஸ் பயணத்துக்கும் தைலம். கிளம்பும்போது அம்மா என் இடுப்பில் அதை அள்ளித் தேய்த்திருந்தாள். அதன் மேல் கொண்டுவந்து சுடச்சுட அந்தப் பையை அழுத்தினார் மனுஷன். ஐயோ, அந்த எரிச்சலில் பிரசவ வலியே மறந்துபோனது. மிஸ்ஸி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் குளியலறைக்குத் துரத்தினாள்.

எரிச்சல் அடங்கியதும் வெதுவெதுப்பான தண்ணீரை முதுகில் விட்டார்கள். சொர்க்கம் என்றால் அதுதான். ஆனால் எத்தனை நேரம் குழாயடியிலேயே நிற்பது? பிறகு முகமூடியில் கேஸ் கொடுத்தார்கள். வலி போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு வலிப்பதுபோல் தள்ளி நின்றது. மிஸ்ஸியிடம் ரெண்டாங் கறி எப்படிச் செய்வது என்று மலாயில் விசாரித்தேனாம்.

மதியத்துக்குமேல் வந்த வலிக்கு இவை எதுவும் பத்தவில்லை. கத்திவிடுவேனோ என்று பயமாக இருந்தது. உதட்டைக் கடித்ததில் ரத்தமே வந்துவிட்டது. கூட ஒருவர்தான் இருக்கலாம் என்பதால், என் கோலத்தைப் பார்த்த அவர் தானே வெளியே போய், அங்கே காத்திருந்த அம்மாவை அனுப்பினார்.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

“ஏன்டி பல்லைக் கடிக்கிற? வலிச்சா கத்து லா.”

“நீ கத்தலியே” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “உங்கப்பா அன்னைக்கு லோரி எடுத்துக்கிட்டு ஜொகூர் போயிட்டாரு. ஊர்லேருந்தும் யாரும் வரல. கத்தினா எனக்குன்னு யாருடி வரப் போறா?”

இத்தனை வருஷம் இதையா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்? அடுத்த வலி வந்தபோது வீம்பெல்லாம் போய், வார்டே அதிரும்படி “அம்மா” என்று கத்தினேன்.

“இருக்கேன்டி” என்றாள். பிள்ளை பிறக்கும்வரை நான் கத்திக்கொண்டே இருந்தேன். அவளும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.