மகள் கேட்காத பாட்டுகள்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் பாட்டு கேட்கும் செயலியை என் போனிலும், நல்லூரில் நாங்கள் நடத்தும் பனியன் யூனிட் கம்ப்யூட்டரிலும் அவள் பெயரில் ஒரே கணக்காக இணைத்தது நான்தான். யார் எதில் கேட்டாலும் எல்லாவற்றிலும் தெரியும். வசதிக்காக என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் அவள் என்ன கேட்கிறாள் என்று தினமும் பார்த்தேன்.

ஒரு வாரம் முழுக்கக் காதல் தோல்விப் பாட்டுகளாகவே வந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஏறிப் போய், விடுதி வாசலில் தோழிகள் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"யாரு கண்ணு அவன்?"

"எவன்மா?"

போனில் பட்டியலைக் காட்டினேன். பாட்டு ஓடிய நேரத்தைப் பார்த்துவிட்டு, "பகல் பதினொரு மணிக்கு நான் கிளாஸ்ல இருப்பேன். இது நம்ம யூனிட்ல ஓடினதும்மா" என்றாள்.

அங்கிருந்தே, ஸ்பீக்கரில் போட்டு, யூனிட்டைக் கூப்பிட்டேன். தைத்த பனியன்களைச் செக்கிங் பார்க்கும் சரசு எடுத்தாள்.

"ஆமாங்க்கா, நாந்தானுங்க போட்டேன். சோகப் பாட்டுன்னாத்தான் பீஸ் வேகமா நகருதுங்க!"

யூனிட்டில் அவள் பின்னால் எல்லோரும் சிரிப்பது கேட்டது. மகள் சிரிக்கவில்லை.

"என்னையவே கேட்டிருக்கலாமேம்மா."

திரும்பும்போது அந்தச் செயலியின் மேல் ஆத்திரமாக வந்தது. ஊரார் பாட்டையெல்லாம் ஒரே குவியலாகக் கொட்டி, என் பெண் பெயரை ஒட்டுகிறது. இதற்குப் பேர் வசதியாம்! ஆனால் அந்தப் பெயரைக் கொடுத்தவள் நான். குவியலைக் கிளறியவளும் நான்.

அன்று மாலையே மகள் தனக்கென்று வேறு கணக்கு தொடங்கிக்கொண்டாள். இப்போது என் போனில் சரசுவின் பாட்டுகள் மட்டும் வருகின்றன. மகள் என்ன கேட்கிறாள் என்று தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.