கரடியின் அக்கா

பிரெஞ்சு பேசும் நொஷாட்டல் நகரில், எங்கள் மேல்வீட்டில் ஒரு ரஷ்ய அம்மா இருந்தார். சிறுவர் கதை எழுதுபவர். சிறுவர்கள் படியில் ஓடினால் மட்டும் கதவைத் திறந்து முறைப்பார். சொந்த நாட்டில் அவருடைய புத்தகங்களுக்குத் தடை போட்டுவிட்டதால் பிரெஞ்சில் எழுதப் பழகினார். எழுதியதை என் சின்ன மகளுக்கு வாசித்துக் காட்டுவார். அவள் கொட்டாவி விட்டால் தாளைக் கிழித்துவிடுவார்.

ஒருநாள் கதையில் ஒரு கரடி ஊரைவிட்டு வந்து தனியாக இருந்தது.

"அம்மா, கரடியின்ர அக்காவையும் இஞ்ச கூப்பிடச் சொல்லுங்கோ" என்று மகள் என்னிடம் சொன்னாள்.

பிரெஞ்சு விளங்கினாலும் அவரோடு பேச அவளுக்கு வெட்கம்; நான் பிரெஞ்சில் சொன்னேன்.

"இங்கே தங்க அவளுக்கு பெர்மிட் யார் கொடுப்பது?" என்று எழுத்தாளர் உண்மையான கவலையோடு கேட்டார்.

"கதைக்குள்ளயுமோ?" என்று மகள் சிரித்தாள்.

அடுத்த கிழமை அவர் வாசித்த பக்கத்தில் கரடியின் அக்கா பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினாள். தனக்கும் மாஸ்கோவில் ஓர் அக்கா இருப்பதாகச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே அந்தப் பக்கத்தை அவர் மறுபடி வாசித்தார்.