மைக்கில் கூப்பிட்ட பெயர்கள்

விமலா மேடம் போய்விட்டார்.

காலையில் ஹார்ட் அட்டாக். டெல்லி துவாரகாவில் அவர் வீட்டிலேயே... மத்தியானம் எல்லாம் முடிந்து இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் எங்கள் ஸ்கூலில் அவர் ஆபீஸ் கிளார்க், நான் கணக்கு வாத்தியார். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்கு மார்க் ஷீட்டும் டிசியும் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தங்கை மகளின் ஸ்கூல் கிராஜுவேஷனுக்காக அமெரிக்கா போனார். திரும்பி வந்த முதல் நாள் லஞ்ச் டேபிளில் வேறு பேச்சே இல்லை.

"ஃபுட்பால் கிரவுண்டு சார். கொளுத்துற வெயில். ஐந்நூறு பிள்ளைங்க. ஒரு பேரைக்கூட விடாம படிக்கிறாங்க! ஒரு பொண்ணு பேரைக் கேட்டதும் அவ அப்பா நாற்காலி மேல ஏறி நின்னு கத்துறார். லாரி ஓட்டுறவராம்."

ஜப்பானில் இருக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி, தன் மகன் ஸ்கூல் முடித்த வீடியோவை அவருக்கு அனுப்பியிருந்தாள். அதையும் காட்டினார். அங்கே யாரும் கத்தவில்லை. ஊசி விழுந்தால் கேட்கும். பேரைக் கூப்பிட்டதும் பிள்ளை எழுந்து பதில் சொல்கிறான், மேடையேறி இரண்டு கையாலும் வாங்கித் தலை குனிகிறான்.

"அவங்க கத்துறாங்க, இவங்க குனியுறாங்க. ஆனா ரெண்டு ஊர்லயும் பேரைக் கூப்பிடுறாங்க சார். நம்ம ஊர்ல? ஜன்னல்ல கை நீட்டினா டிசி. அடுத்து 'நெக்ஸ்ட்'. இருபத்திரண்டு வருஷமா அந்த 'நெக்ஸ்ட்' சொல்றது நான்தான்."

"நமக்குத்தான் ஃபேர்வெல் இருக்கே மேடம். இந்தத் தொப்பி, கவுன் எல்லாம் வெள்ளைக்காரன் ஃபேஷன்" என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன்.

"ஃபேர்வெல் பிள்ளைங்களுக்கு. புடவை கட்டி செல்ஃபி எடுக்கறதோட சரி. அம்மா அப்பாவை நாம எப்ப சார் கூப்பிடுறோம்? கம்ப்ளைன்ட் சொல்லத்தானே?"

அன்றைக்கே பிரின்சிபால் ரூமுக்குப் போனார். "பேரண்ட்ஸ் யாரும் வரமாட்டாங்கம்மா, லீவு கிடைக்காது" என்றார் பிரின்சிபால்.

"வரவைக்கறது என் பொறுப்பு சார். கவுன் வேணாம், தொப்பி வேணாம். ஒரு மைக் மட்டும் குடுங்க."

மார்க் ஷீட் கொடுக்கும் நாளையே விழாவாக்கினார். இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணி. நாற்பத்தோரு பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் செய்தார்.

நாற்பது பேர் சரி என்றார்கள். நந்தினி என்ற பெண்ணின் அம்மா மட்டும் முடியாது என்றார். துவாரகாவில் ஒரு ஃபிளாட்டில் வீட்டு வேலை. அன்று விருந்தாளிகள் வருகிறார்களாம்.

"வாங்க சார், போயிட்டு வந்துடலாம்" என்று மெட்ரோவில் என்னையும் இழுத்துக்கொண்டு நேரே அந்த ஃபிளாட்டுக்கே போனார்.

கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மாள் உள்ளே கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "சனிக்கிழமை மட்டும் முடியாதுங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டார். ஹாலில் ஒரு பெரிய போட்டோ. கவுன் போட்ட பையன், இரண்டு பக்கமும் அப்பா அம்மா.

"உங்க மகனா? எந்த ஊர்?" என்று விமலா மேடம் இந்தியிலேயே கேட்டார்.

"கனடா."

"நீங்க நேர்ல போயிருந்தீங்களா?"

"போகாம? பதினாலு மணி நேர ஃபிளைட்!"

"நந்தினியோட அம்மாவுக்கு மெட்ரோல ஒரு மணி நேரம்தான் மேடம்."

குரலை உயர்த்தவில்லை. கெஞ்சவுமில்லை. சொல்லிவிட்டு அப்படியே நின்றார்.

அந்த அம்மாள் போட்டோவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "அச்சா... ஆனா ஒரு மணிக்குள்ள திரும்பிடணும்" என்றார்.

சனிக்கிழமை ஹால் நிரம்பியது. பிரின்சிபால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். விமலா மேடம் அம்மாவின் பேர், அப்பாவின் பேர், பிறகு பிள்ளையின் பேர் என்று படித்தார். மூன்று பேரும் மேடைக்கு வர வேண்டும். அதுதான் ஒரே விதி.

"மாரியம்மாள், முருகன்... இவர்கள் மகள் நந்தினி."

நந்தினி எழுந்தாள். அப்பாவும் எழுந்தார். அம்மா எழவில்லை. மறுபடி படித்தார், அதே குரலில். அசைவில்லை. மூன்றாவது முறையும் படித்தார்.

நந்தினி கடைசி வரிசைக்கு ஓடினாள். "அம்மா, உன் பேருதாம்மா!"

டெல்லியில் அவரை எல்லோரும் 'நந்தினி அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்கில் வருவது தன் பேர் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மேடைப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பிரின்சிபால் மார்க் ஷீட்டை நந்தினியிடம் நீட்டப் போக, "சார், அம்மா கையில குடுங்க" என்றார் விமலா மேடம்.

மாரியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எம்பேரு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

விமலா மேடம் விரல் வைத்துக் காட்டினார். மாரியம்மாள் அந்த எழுத்துகள் மேல் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். விரல் கடைசி எழுத்தைத் தாண்டிய பிறகுதான் விமலா மேடம் மைக்கில் அடுத்த பேரைப் படித்தார்.

பன்னிரண்டு அடிக்கும் முன்பே, "ஜல்தி ஜல்தி, நேரமாச்சு" என்று மாரியம்மாளை ஆட்டோ ஏற்றி அனுப்பியவரும் அவரேதான்.

அப்புறம் ஒரு வருடமும் விழா நிற்கவில்லை. இந்த வருடத்து விழா வருகிற சனிக்கிழமை.

இன்று சுடுகாட்டில் பிரின்சிபால் என் பக்கத்தில் வந்து நின்றார். "இந்த வருஷம் வேணாமா சார்? இல்ல, தள்ளி வைக்கலாமா?"

"இல்ல சார். நடக்கும்" என்றேன்.

விமலா மேடத்தின் மகன் அவருடைய நோட்டைக் கொடுத்தான். அதில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பேர்கள். இருபத்தேழுக்கு டிக் போட்டிருக்கிறார், நேற்று சாயங்காலம் வரை பேசியது.

வரும் வழியிலேயே மீதி பதினொரு வீட்டுக்கும் போன் செய்துவிட்டேன். ஒன்பது பேர் வருகிறார்கள். இரண்டு பேர் போனை எடுக்கவில்லை. நாளைக் காலை நேரில் போகிறேன்.

நிம்மதியா போங்க மேடம். சனிக்கிழமை மைக்கை நான் பிடிச்சுக்கறேன்.